டைட்டன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கடிகாரம், கடலில் மூழ்கிய கப்பல், சனியைச் சுற்றும் நிலவு, வெள்ளைப் பெயின்ட்டுக்குள் இருக்கும் உலோகம், பிண வாடை அடிக்கும் ஒரு பூ. எல்லாவற்றின் பெயரிலும் ஒரு டைட்டன் உட்கார்ந்திருக்கிறான். யார் அவன் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

டைட்டன் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன பொருள்?

பெரிய எழுத்தில் தொடங்கினால் கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு கடவுள் கூட்டத்தைக் குறிக்கும். ஜீயஸ் தலைமையிலான ஒலிம்பஸ் கடவுளருக்கு முன்பு உலகை ஆண்டவர்கள் இவர்கள். சின்ன எழுத்தில் தொடங்கினால் பேருருவம் கொண்டவர், அபார வலிமை உள்ளவர், அல்லது தன் துறையில் மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருப்பவர். பெரிய தொழிலதிபரை, பெரிய எழுத்தாளரை எல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகள் டைட்டன் என்று எழுதுவது இந்த இரண்டாம் பொருளில்தான்.

இன்று பெரும்பாலோர் மனதில் முதலில் வருவது உருவத்தின் பிரம்மாண்டம். பழைய கதையில் அதற்கு அவ்வளவு இடமில்லை. அங்கே டைட்டன் என்றால் முந்தைய தலைமுறை, ஆட்சியைப் பறிகொடுத்த தலைமுறை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல விஷயங்கள் எளிதாகப் பிடிபடும்.

அவர்களின் கதை என்ன?

கதையை முழுதாகச் சொல்லும் மிகப் பழைய நூல், கி.மு. 700-ஐ ஒட்டி ஹீசியாட் என்ற கிரேக்கக் கவிஞர் பாடிய தியோகனி. கடவுளரின் வம்சாவளி அது.

வானம் யுரேனஸ், பூமி கையா. இருவருக்கும் பிறந்த பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் டைட்டன்கள்: ஆறு ஆண், ஆறு பெண். ஓசியானஸ், கோயஸ், கிரியஸ், ஹைபெரியன், ஐயாபெட்டஸ், குரோனஸ் ஆகியோர் ஆண்கள். தேயா, ரியா, தெமிஸ், நெமோசைன், ஃபீபி, டெத்திஸ் ஆகியோர் பெண்கள். அவர்களுக்குப் பின் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் மூவர், ஆளுக்கு நூறு கையும் ஐம்பது தலையும் கொண்ட மூவர் என்று குடும்பம் பெருகியது.

தகப்பனுக்குப் பிள்ளைகளைப் பிடிக்கவில்லை. பிறந்த பிள்ளைகளை வெளிச்சத்துக்கே வரவிடாமல் பூமியின் வயிற்றுக்குள் திரும்ப அமுக்கினான். வலி பொறுக்காத கையா ஓர் அரிவாளைச் செய்து, யார் துணிவீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாள். கடைக்குட்டி குரோனஸ் முன்வந்தான். இரவில் யுரேனஸ் இறங்கி வந்தபோது பதுங்கியிருந்து, அவன் ஆண்குறியை அறுத்து எறிந்தான். ஆட்சி கைமாறியது.

வினை திரும்பியது. உன் பிள்ளையே உன்னைக் கவிழ்ப்பான் என்று கேள்விப்பட்ட குரோனஸ், ரியாவுக்குப் பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக விழுங்கினான். கடைசிக் குழந்தையான ஜீயஸை ரியா ஒளித்து வைத்துவிட்டு, ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதையும் விழுங்கினான். பிறகு வயிற்றிலிருந்ததை எல்லாம் கக்க நேர்ந்தபோது முதலில் வந்தது அந்தக் கல்தான். அதை டெல்ஃபியில் நட்டு வைத்ததாகக் கதை.

அடுத்து பத்து ஆண்டுப் போர். ஒத்ரிஸ் மலையில் டைட்டன்கள், ஒலிம்பஸ் மலையில் ஜீயஸும் அவன் உடன்பிறந்தவர்களும். யாருக்கும் வெற்றி இல்லை. கடைசியில் பாதாளத்தில் அடைபட்டிருந்த நூறு கைக்காரர்களை ஜீயஸ் மீட்டு வந்தான். மூவரும் சேர்ந்து முந்நூறு பாறைகளை வீச, டைட்டன்கள் வீழ்ந்தார்கள். டார்ட்டரஸ் என்ற அடிப்பாதாளத்தில் அவர்களை அடைத்தார்கள். அது எவ்வளவு ஆழம் என்பதற்கு ஹீசியாட் ஒரு கணக்குத் தருகிறார். வானிலிருந்து ஒரு பட்டறைக்கல்லைப் போட்டால் ஒன்பது நாள் விழுந்து பத்தாம் நாள் பூமிக்கு வரும். பூமியிலிருந்து போட்டால் அதேபோல் பத்தாம் நாள் டார்ட்டரஸைத் தொடும். காவலுக்கு அதே நூறு கைக்காரர்கள்.

அப்படியானால் டைட்டன்கள் பேருருவம் கொண்டவர்கள் இல்லையா?

கடவுளர் என்பதால் மனிதரைவிடப் பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒலிம்பஸ் கடவுளரைவிடப் பெரிய உடல் கொண்டவர்கள் என்று ஹீசியாட் எங்கும் அளந்து சொல்லவில்லை. அவர் உருவத்தை வியந்து பாடுவது நூறு கைக்காரர்களைத்தான். ஓசியானஸ் உலகைச் சுற்றி ஓடும் ஆறு, தெமிஸ் நியாயமும் முறைமையும், நெமோசைன் நினைவாற்றல். நினைவாற்றலுக்கு என்ன உயரம் இருக்க முடியும்?

பிரம்மாண்டம் பிறகு வந்து ஒட்டியது. அதற்குக் காரணம் இன்னொரு கூட்டத்தோடு இவர்களைக் குழப்பிக்கொண்டது.

ஜயன்ட் என்பதும் டைட்டன் என்பதும் ஒன்றா?

இன்றைய ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒன்று. புராணத்தில் வேறு வேறு.

யுரேனஸை அறுத்தபோது சிந்திய இரத்தம் பூமியில் விழுந்தது. அதிலிருந்து பிறந்தவர்களில் ஒரு கூட்டம் கிகாண்டெஸ். மின்னும் கவசமும் நீண்ட ஈட்டிகளும் ஏந்திய பெரியவர்கள் என்று ஹீசியாட் இவர்களை அறிமுகம் செய்கிறார். டைட்டன்கள் தோற்ற பிறகு இவர்கள் ஒலிம்பஸ் மீது படையெடுத்ததாகப் பிற்காலக் கதைகள் சொல்கின்றன. கடவுளரால் மட்டும் இவர்களைக் கொல்ல முடியாது, ஒரு மனிதனின் துணை வேண்டும் என்பதால் ஹெர்குலிஸை அழைத்துக்கொண்டார்கள். பெர்லினில் இருக்கும் பெர்கமோன் பலிபீடத்தின் சிற்பங்கள் இந்தப் போரைத்தான் காட்டுகின்றன. அவற்றில் சில ஜயன்ட்களுக்குக் கால்களுக்குப் பதில் பாம்புகள்.

கிகாஸ் என்ற கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஜயன்ட்டாக வந்தது. கிகாபைட்டில் இருக்கும் கிகாவும் இதே கிகாஸ்தான். நூறு கோடியைக் குறிக்கும் முன்னொட்டாக 1960-ல் அனைத்துலக அளவை முறையில் சேர்த்தார்கள். ஆக, மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகும்போது நாம் எண்ணிக்கொண்டிருப்பது யுரேனஸின் இரத்தத்தில் பிறந்தவர்களை.

இரண்டு கூட்டமும் பூமியின் பிள்ளைகள், இரண்டும் ஒலிம்பஸை எதிர்த்தவை, இரண்டும் தோற்றவை. பண்டைக் காலத்துக் கவிஞர்களே ஒன்றை மற்றொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பைபிளில் டைட்டன்கள் வருகிறார்களா?

எபிரேய மூலத்தில் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் வருகிறார்கள். தாவீது பெலிஸ்தரோடு போரிட்ட ரெப்பாயீம் பள்ளத்தாக்கை, 2 சாமுவேல் 5-ஆம் அதிகாரத்தில் டைட்டன்களின் பள்ளத்தாக்கு என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ரெப்பாயீம் என்பது ஒரு பழைய இனத்தாரின் பெயர்; அவர்களே வேறு சில இடங்களில் ஜயன்ட்கள் ஆகிவிடுகிறார்கள். ஆதியாகமம் 6-ல் வரும் நெபிலிம்களும் அந்தக் கிரேக்கத்தில் ஜயன்ட்கள். தமிழ் பைபிளில் நாம் படிக்கும் "அந்நாட்களில் இராட்சதர் பூமியிலே இருந்தார்கள்" என்ற வசனம் இந்த வழியில் வந்ததுதான். கிறிஸ்துவுக்கு முன்பே இரண்டு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

டைட்டன் என்ற பெயர் எப்படி வந்தது?

ஹீசியாட் ஒரு விளக்கம் தருகிறார். பிள்ளைகள்மேல் கோபம் கொண்ட யுரேனஸ், இவர்கள் வரம்பு மீறிக் கைநீட்டினார்கள், இதற்கு ஒருநாள் பழிவாங்கல் உண்டு என்று சொல்லி அந்தப் பெயரைச் சூட்டினானாம். இழுத்து நீட்டுவதற்கான கிரேக்க வினைச்சொல் டிடைனோ, பழிவாங்கலுக்கு டிசிஸ். இரண்டின் ஒலியும் பெயருக்குள் கேட்கிறது அல்லவா?

கவிதையாக அழகு. மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. ஊர்ப் பெயருக்குத் தலபுராணம் சொல்லும் விளக்கம் போன்றது இது: பெயர் முதலில், காரணம் பிறகு. கிரேக்கர் வருவதற்கு முன் அந்தப் பகுதியில் பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியின் சொல்லாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. உறுதியான வேர் எதுவும் கிடைக்கவில்லை. இணையத்தில் யாராவது ஒரே வரியில் அடித்துச் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

ஆங்கிலத்துக்குள் வந்தபோது என்ன பொருளில் வந்தது?

சூரியன் என்ற பொருளில்! ஹைபெரியன் என்ற டைட்டனின் மகன் சூரியன். அதனால் வர்ஜில், ஓவிட் போன்ற இலத்தீன் கவிஞர்கள் சூரியனையே டைட்டன் என்று பாடினார்கள். இடைக்கால ஆங்கிலக் கவிஞர்களும் அவர்களைப் பின்பற்றினார்கள். ஷேக்ஸ்பியரிலும் டைட்டன் தேரேறி வானில் போகிறான். மாமனிதர், சாதனையாளர் என்ற பொருள் நன்றாகப் பரவியது அதற்கு வெகுகாலம் பின்பு.

எல்லா டைட்டன்களையும் சிறையில் அடைத்தார்களா?

இல்லை. பெண் டைட்டன்கள் யாரும் அடைபட்டதாக ஹீசியாட் தனியாகச் சொல்லவில்லை. தெமிஸும் நெமோசைனும் ஜீயஸின் துணைவியரானார்கள். கலைகளின் தேவதைகளான மியூஸ்கள் ஒன்பது பேருக்கும் நெமோசைன்தான் தாய்.

ஐயாபெட்டஸின் மகன்களில் இருவர் தகப்பனைவிடப் புகழ் பெற்றார்கள். அட்லஸுக்குக் கிடைத்த தண்டனை வானத்தைத் தாங்குவது. பலரும் நினைப்பதுபோல் பூமியை அல்ல. சிலைகளில் அவன் தோளில் இருக்கும் உருண்டை வானக்கோளம்தான். புரொமிதியஸ் மனிதருக்காக நெருப்பைத் திருடிக் கொடுத்து, பாறையில் கட்டப்பட்டு, தினமும் கழுகுக்கு ஈரலைத் தின்னக் கொடுத்தான். இருவரையும் டைட்டன் என்றே அழைப்பது வழக்கம். கறாராகச் சொன்னால் இரண்டாம் தலைமுறை.

கதை கிரேக்கர்களின் சொந்தக் கற்பனையா?

முழுக்க அல்ல. இன்றைய துருக்கியில் உள்ள ஹத்தூசா, ஹிட்டைட் பேரரசின் தலைநகர். அங்கே கிடைத்த களிமண் பலகைகள் ஹீசியாடுக்குச் சுமார் 500 ஆண்டுகள் முந்தியவை. அவற்றில் ஒரு கதை: வானில் ஆண்ட அலாலுவை அனு கவிழ்க்கிறான். அனுவைக் குமார்பி கவிழ்க்கிறான், எப்படியென்றால் அவன் ஆண்குறியைக் கடித்து விழுங்கி. அதனால் குமார்பியின் வயிற்றில் புயல் தேவன் உருவாகி, வெளியே வந்து ஆட்சியைப் பிடிக்கிறான். வானம், உறுப்பறுப்பு, விழுங்குதல், கடைசியில் புயல் தேவன். ஜீயஸும் இடி மின்னலின் தேவன்தான்.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, அதே ஹிட்டைட்டுகளிடம் முந்தைய கடவுளர் என்றே ஒரு கூட்டம் இருந்தது. புயல் தேவன் அவர்களைப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டான். பல பட்டியல்களில் அவர்கள் எண்ணிக்கையும் பன்னிரண்டு. கதை கிழக்கிலிருந்து கிரேக்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதில் வியப்பில்லை. டைட்டன் என்பதன் மையப் பொருள் உருவமல்ல, முந்தையவர் என்பதே என்று நான் மேலே சொன்னதற்கும் இதுதான் பலமான ஆதாரம்.

டைட்டன்களை நம் அசுரர்களோடு ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. பிருகதாரண்யக உபநிடதம் தேவர்களும் அசுரர்களும் பிரஜாபதியின் பிள்ளைகள் என்றும், தேவர்கள் இளையவர், அசுரர்கள் மூத்தவர் என்றும் சொல்கிறது. ஒரே குடும்பம், மூத்தவர் தோற்க இளையவர் ஆள்கிறார்கள் என்ற அமைப்பு பொருந்துகிறது. பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் சிலர் அசுரரை டைட்டன் என்றே எழுதினார்கள்.

பொருந்தாத இடமும் இருக்கிறது. டைட்டன்கள் ஒருமுறை தோற்றார்கள், அதோடு சரி. அசுரர்கள் தவம் செய்து வரம் வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவார்கள். தேவர்களுக்கு அவர்களால் ஓய்வே கிடையாது.

தமிழில் டைட்டனுக்கு நல்ல சொல் எது?

புராணக் கூட்டத்தைச் சொல்லும்போது டைட்டன் என்றே எழுதுவது நல்லது. ராட்சதன், அரக்கன், பூதம் எல்லாம் உருவத்தையும் பயத்தையும் மட்டும் காட்டும்; கடவுள் என்ற செய்தி காணாமல் போய்விடும்.

துறையில் பெரியவர் என்ற பொருளுக்கு நம் விளையாட்டுப் பக்கங்கள் எப்போதோ ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டன: ஜாம்பவான். கிரிக்கெட் ஜாம்பவான், இசை ஜாம்பவான். யார் யோசித்ததோ, அபாரமான தேர்வு. இராமாயணத்தில் ஜாம்பவான் கிழவர். வாமனன் திரிவிக்கிரமனாக வளர்ந்தபோது அவரைச் சுற்றி வந்தவர், அனுமனுக்கு அவன் பலத்தை நினைவூட்டுபவர். உடம்பும் பெரிது, வயதும் பெரிது, வேறு யுகத்து ஆள். டைட்டனிடம் இருக்கும் முந்தைய தலைமுறை என்ற சாயல் அகராதிச் சொற்களில் இல்லை, கரடி ராஜாவிடம் இருக்கிறது.

சனியின் நிலவுக்கு ஏன் அந்தப் பெயர்?

1655-ல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அதைக் கண்டுபிடித்தார்; சனியின் நிலவு என்றே அழைத்தார். பிறகு மேலும் நிலவுகள் தென்பட, எண் போட்டு அழைப்பதில் குழப்பம் வந்தது. 1847-ல் ஜான் ஹெர்ஷல் ஒரு யோசனை சொன்னார். சனி என்பது ரோமரின் சாட்டர்ன், அதாவது குரோனஸ். அவனைச் சுற்றி அவன் உடன்பிறந்தவர்கள் நிற்கட்டும். ஐயாபெட்டஸ், ரியா, டெத்திஸ் என்று பெயர்கள் வந்தன. எல்லாவற்றிலும் பெரிய நிலவுக்குக் கூட்டத்தின் பெயரே கிடைத்தது. அவர் பட்டியலில் இருந்த மிமாஸ், என்செலடஸ் இரண்டும் டைட்டன்கள் அல்ல, ஜயன்ட்கள். பழைய குழப்பம் வானத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த டைட்டன் நிஜமாகவே பெரியது. குறுக்களவு சுமார் 5,150 கி.மீ.; புதன் கோளைவிட அதிகம். சூரியக் குடும்பத்து நிலவுகளில் வியாழனின் கனிமீட் மட்டுமே இதைவிடப் பெரிது. அடர்ந்த வளிமண்டலமும் மீத்தேன் ஏரிகளும் உண்டு. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் அங்கே இறங்கியது. அது 1997-ல் பூமியிலிருந்து கிளம்பிய ராக்கெட்டின் பெயரும் டைட்டன்.

டைட்டானியம் உறுதியான உலோகம் என்பதால்தானே அந்தப் பெயர்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. உண்மை வேறு. 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், மனாக்கன் என்ற ஊர்ப்பக்கத்துக் கருமணலில் ஒரு புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். 1795-ல் ஜெர்மானிய வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ராத் ரூட்டைல் என்ற கனிமத்தில் அதையே தனியாகக் கண்டு, டைட்டானியம் என்று பெயரிட்டார். தனிமத்தின் குணம் இன்னும் சரியாகத் தெரியவில்லை, எந்தக் குணத்தையும் குறிக்காத பெயராக இருக்கட்டும் என்றுதான் புராணத்துக்குப் போனார். பூமியின் முதல் பிள்ளைகள் என்பது அவர் கணக்கு. 1789-ல் யுரேனஸ் கோளின் பெயரால் யுரேனியத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே ஆள் பெயரிட்டிருக்கிறார்.

தூய டைட்டானியம் உலோகமாகக் கைக்கு வந்தது 1910-ல். அது எஃகில் பாதியை விடச் சற்றே கூடுதலான எடையில் அவ்வளவு உறுதி தரும் என்பது கிளாப்ராத்துக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பெயர் பிறகு பொருந்தியது தற்செயல்.

கிரெகர் பார்த்த கருமணலில் இருந்த கனிமம் இல்மனைட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலும் அதே இல்மனைட்தான். மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. அதன் பெரும்பகுதி விமானம் ஆவதில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியாகி சுவருக்கும் பற்பசைக்கும் போகிறது.

டைட்டானிக் கப்பலுக்கு ராசியில்லாத பெயர் வைத்துவிட்டார்களா?

ராசி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒயிட் ஸ்டார் நிறுவனம் ஒரே வடிவில் மூன்று கப்பல்கள் கட்டியது: ஒலிம்பிக், டைட்டானிக், பிரிட்டானிக். டைட்டானிக் என்பதை அவர்கள் பிரம்மாண்டம் என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தோற்றவர்களின் பெயர் அது என்பது அன்று பள்ளியில் கிரேக்கம் படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். 1912 ஏப்ரல் 15 அதிகாலை டைட்டானிக் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். பிரிட்டானிக் 1916-ல் கண்ணிவெடியில் சிக்கியது. ஒலிம்பிக் 1935 வரை ஓடி ஓய்வு பெற்றது. ஒலிம்பஸ் மறுபடி ஜெயித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பனிப்பாறைக்குப் புராணம் தெரியாது; போதாத உயிர்காப்புப் படகுகளுக்கும் இருளில் குறைக்காத வேகத்துக்கும் பெயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

டைட்டன் வாட்ச்சும் கிரேக்கப் புராணம்தானா?

பாதி. 1984-ல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. கடிகார ஆலை ஓசூரில் எழுந்தது. டாட்டா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துகளோடு தமிழ்நாட்டின் ஆங்கில எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்து டைட்டன் ஆனது என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். புராணப் பெயரோடு ஒத்துப்போனது வியாபாரத்துக்கும் வசதியாயிற்று. வேர் தெரியாத ஒரு பழஞ்சொல்லுக்கு நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு வேர் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அனிமேவில் மனிதரைத் தின்னும் டைட்டன்கள்?

அட்டாக் ஆன் டைட்டன் என்ற ஆங்கிலத் தலைப்பு செய்த வேலை. ஜப்பானிய மூலத்தில் இருக்கும் சொல் க்யோஜின், பேருருவ மனிதர் என்று பொருள். கிரேக்கக் கதையோடு ஒட்டு உறவு தேட வேண்டாம். பிள்ளைகளை விழுங்கிய குரோனஸ் நினைவுக்கு வந்தால் அது உங்கள் வாசிப்பு.

இந்தப் பெயர் கொண்ட உயிரினங்கள் உண்டா?

அமேசான் காட்டில் ஒரு வண்டு இருக்கிறது, உள்ளங்கையைத் தாண்டி நீளும். அதன் அறிவியல் பெயர் டைட்டானஸ் ஜைஜான்டியஸ். டைட்டனா ஜயன்ட்டா என்ற தகராறே வேண்டாமென்று இரண்டையும் அதன் முதுகில் ஏற்றிவிட்டார்கள்.

இன்னொன்று சுமத்ராவின் டைட்டன் ஆரம். 1878-ல் இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோர்டோ பெக்காரி அதை வெளியுலகுக்குக் காட்டினார். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அதன் பூங்கொத்து மலரும்போது அழுகிய இறைச்சி வாடை அடிக்கும். அந்த வாடைக்கு வரும் வண்டுகளும் ஈக்களும் மகரந்தத்தைச் சுமந்து போகும். உலகத் தாவரவியல் பூங்காக்களில் இது பூக்கும் நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம் வீட்டுச் சேனைக்கிழங்கு இதே பேரினத்தைச் சேர்ந்தது. சேனை பூத்தாலும் அதே நாற்றம்தான், தோட்டத்தில் விட்டுவைத்தவர்களுக்குத் தெரியும்.